ரிப்போர்ட்டில் இருந்த பெயர்

12-8-2003, செவ்வாய். குரும்பலூர்.

மகள் மலர்விழியின் மாத்திரையை நான்கு நாள் நிறுத்தியவன் நான்தான். திருச்சியிலிருந்து வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்: பாசிட்டிவ்' என்றிருந்தது. அகராதியைப் பார்த்தேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் என்று போட்டிருந்தது. அதுவே உடம்பில் இருக்கும்போது அதே வேலைக்கு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தப்போக்கு ஆகிவிடுமே என்று பயந்தேன். டாக்டருக்குப் போன் செய்யக் கூச்சம். "அவரைப் பாக்குற வரைக்கும் வேண்டாம்மா" என்று அவளிடம் சொன்னேன்.

இன்று பெரம்பலூரில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க. டெஸ்ட் ட்யூப்லதான் இது உறைய விடாது. உடம்புல உறைய வச்சிடும். போன வருஷம் கால்ல வந்த அடைப்பு இனி இதயத்துலயும் வரலாம். மாத்திரை விடாம போடுறியாம்மா?"



"நாலு நாளா போடலீங்க சார். மறந்துட்டேன்" என்றாள் மலர்விழி. நன்றாகத் திட்டு வாங்கினாள். மருந்தில் அக்கறை இல்லாதவள் என்று அவள் சீட்டிலும் எழுதிவிட்டார்.

பஸ்ஸில், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உங்களைத் திட்டியிருந்தா நாலு நாள் சாப்பிட மாட்டீங்க. அப்புறம் உங்களுக்கு வேற டாக்டர் தேடணும்" என்று சிரித்தாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாத்திரைக்காக என்னிடமே கையை நீட்டினாள். கொடுத்தேன்.

அந்தச் சீட்டில் இருப்பது பொய். டாக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'என் மகள் மறக்கவில்லை' என்பது வரை எழுதிவிட்டேன். அடுத்த வாக்கியம் 'நான்' என்று தொடங்க வேண்டும்.