இடது பையில் விலகிய கட்டம்

பழவேற்காடு,
16-2-1986

அன்பு மகன் ஜலீலுக்கு, உம்மா எழுதுவது. இறைவனின் சாந்தி உன்மேல் இறங்கட்டும். அவன் கிருபையால் நான் நலம், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் வாதாடுகிறது, மற்றபடி குறையில்லை. நீ அந்தக் குளிர் ஊரில் நெஞ்சில் சளி சேராமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் இங்கே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து வருடம் கழித்து உன் உம்மா எழுதுகிறாள், அவ்வளவுதான்.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரியின் முகத்துவாரம் மழையில் நன்றாகத் திறந்துகொண்டது, இந்த வருடம் இறால் நிறையப் பட்டது, கோட்டைக்குப்பத்துக்காரர்கள் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடிகிறது. உன் சின்னம்மா மகள் மஸூதாவுக்கு ரஜப் மாதம் நிக்காஹ் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், ஆனால் பேசும்போது காலை ஆட்டுகிறான், அதை மஸூதா சரிசெய்துகொள்ளட்டும். நம் வீட்டுப் பின்கட்டு ஓடு மாற்றியாகிவிட்டது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் நீ எழுதிய கடிதம் நினைவிருக்கும். பகலில் தையற்கூடத்தில் வேலை என்றும், இரவில் நைட் கிளப் வாசலில் நின்று ஆட வருகிறவர்களின் உடைகளைப் படம் பிடிக்கிறேன் என்றும், சிலருக்கு நானே தைத்தும் கொடுக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பரக்கத் பீவி எட்டிப் பார்த்து, இன்னா மாமி, புள்ள அங்க கிளப்பா வச்சிக்கிறான் என்று கேட்டாள். நம் ஊரில் கிளப் என்றால் காபி கிளப்தானே. கன்னியாஸ்திரீகளிடம் பத்து வருடம் படித்த எனக்கு நைட் கிளப் என்றால் என்னவென்று தெரியும். தெரிந்தும் ஆமாம் என்று தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தலையாட்டினாலும் பொய் பொய்தான். மறுநாளே ஜலீல் லண்டனில் ராத்திரியெல்லாம் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான் என்று தெரு முழுக்கப் பேச்சு. அதே வாரம் நான் உனக்கு எழுதினேன், கூத்தாடுகிற இடத்து வாசலில் நிற்கிற பிள்ளை என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம், அதை விட்டபிறகு வா என்று. அதற்குப் பிறகும் நீ மாதந்தோறும் எழுதினாய். எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

போன மாதம் வந்த கடிதத்தில், அந்தப் படங்களும் உடைகளும் பல ஊர்களில் கண்காட்சியாகப் போகின்றன, மதராசுக்கும் வருகின்றன, உன்னோடு வேலை செய்யும் ஹெலன் என்ற பெண் அங்கே பேசப்போகிறாள் என்று எழுதியிருந்தாய். வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. தேதியும் தெருப் பெயரும் மட்டும் இருந்தன. மறைப்பானேன், குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்னவென்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். துணைக்குப் பரக்கத் பீவியைக் கூப்பிட்டேன். அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஏன் என்றால், கிளப்பைப் பத்தித்தானே காட்டுறாங்க மாமி, சோறு போடாமயா அனுப்புவாங்க என்றாள். பொன்னேரியில் ரயில் ஏறும்போது அவள் பையில் காலி டிபன் பாக்ஸ் வேறு.

அவ்வளவு பெரிய கூடத்தை நான் பார்த்ததில்லை. சுவரெல்லாம் படம், ஆள் உயரத்துக்கு. நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றோம். ஒரு பெண்ணின் தலைமுடி சேவல் கொண்டை மாதிரி சிவப்பாக நிமிர்ந்து நிற்கிறது. ஒரு பையன் கோட்டில் பொத்தானே இல்லை, எல்லாம் ஊக்கு. இன்னொருத்தி வலையையே சட்டையாகப் போட்டிருந்தாள், பரக்கத் பீவி கிட்டே போய்ப் பார்த்து, கண்ணி பெருசா கீது மாமி, இதுல எறா நிக்காது என்றாள். கண்ணில் மை தீட்டிய பையன்களைக் கண்டதும், இன்னாத்துக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க, நம்ம மாப்பிள்ளைங்க பெருநாளுக்கு சுர்மா போடறதில்லையா என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். நான் அதட்டினேன். ஆனால் அவள் சொன்னது சரிதான் என்று பட்டது. அதற்குப் பிறகு நான் முகங்களை விட்டுத் தையலைப் பார்க்க ஆரம்பித்தேன். மகனே, கிட்டே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிழிந்தது என்று நினைத்தது கிழியவில்லை, அளந்து வெட்டி ஓரம் மடித்துத் தைத்தது. கோணல் என்று நினைத்த தோள்பட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கண்டபடி உடுத்தியவர்கள் என்று வாய் கூசாமல் சொல்லிவந்தேன், அவர்களில் ஒருவர்கூடக் கண்டபடி உடுத்தியிருக்கவில்லை.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோட்டு. சிவப்பும் நீலமும் கட்டம். கீழே ஆங்கிலத்தில், நம் ஊர்ப் பெயரோடு புலிகாட் துணி, தைத்தவர் ஜலீல், துணி அவர் தந்தையினுடையது என்று எழுதியிருந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது. உன் வாப்பாவின் கைலியை நீ எடுத்துப் போனாய் என்று தெரியும், இரவில் உடுத்திக்கொள்ளத்தான் என்று நினைத்திருந்தேன். குனிந்து கட்டம் கட்டமாகத் தேடினேன். வலது கையின் முழங்கை மடிப்பில் இருந்தது. கோட்டைக்குப்பம் கரையில் இறால் எடை போடப் போனபோது படகின் ஆணியில் மாட்டிக் கிழிந்த இடம். தூக்கிப் போட்டுடு மரியம் என்றார். நான் கேட்காமல் இரண்டு பகல் உட்கார்ந்து, நீலத்துக்கு நீலம், சிவப்புக்குச் சிவப்பு என்று இழை பிரித்து இழையோட்டினேன். முடித்துக் கொடுத்தபோது அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்க கிழிஞ்சதுன்னு நீயே காட்டு என்றார். அந்த இழைதான், கண்ணாடிக்குள், விளக்குப் போட்டு.

பிறகு ஹெலன் பேசினாள். நல்ல உச்சரிப்பு, வார்த்தையை விழுங்கவில்லை. இவர்கள் பகலில் மீன் கடையிலும் அச்சகத்திலும் ஆஸ்பத்திரியிலும் யாரோ கொடுத்த சீருடையில் நிற்பவர்கள், இரவில்தான் தாங்களே வெட்டித் தைத்த உடையில் தாங்களாக வருகிறார்கள் என்றாள். கடைசியில் உன் கோட்டுக்கு வந்தாள். இந்தக் காட்சியிலேயே மிக நேர்த்தியான கைவேலை இந்த முழங்கையில் இருக்கிறது, ஜலீல் வேண்டுமென்றே இந்த இடம் வெளியே தெரியும்படி வெட்டியிருக்கிறார், இழையோட்டியது யார் என்றுதான் லண்டனில் எல்லாரும் கேட்பார்கள், அவர் சொல்லமாட்டார், அவங்க அனுமதி இல்லாம பேரைச் சொல்லக்கூடாது என்பார் என்று சொன்னாள். இருநூறு பேர் இருந்திருப்பார்கள். நான் எழுந்து நின்றேன். அது என் கைவேலை, ஜலீல் என் மகன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிஸ்டரிடம் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கூடம் முழுக்கக் கைதட்டினார்கள், பரக்கத் பீவி எதற்கென்று தெரியாமலே எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். ஹெலன் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். படம் எடுக்கலாமா என்று கேட்டாள். முகம் வேண்டாம் என்றேன். பெட்டியைத் திறந்து, அந்த முழங்கைமேல் என் கையை வைக்கச் சொல்லி, கையை மட்டும் எடுத்தாள்.

திரும்பும்போது ரயிலில், அப்போ அது காபி கிளப் இல்லியா மாமி என்று பரக்கத் பீவி கேட்டாள். இல்லை, ஆடுகிற இடம், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். மீஞ்சூர் வரும்வரை அவள் காலி டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடினாள். அப்புறம், அஞ்சு வருசமா என் மருமவன் உங்க புள்ளைய நம்பி பரோட்டா வீசிப் பழவுறான், தெரியுமா என்றாள். எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது. அனுப்பம்பட்டு தாண்டியதும் அவளே, போவட்டும் வுடுங்க மாமி, அந்தக் கோட்டு ராஜா கோட்டு கணக்கா இருந்திச்சி, ஆனா ஒரு வாய் டீ குடுத்திருக்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாகக் கிடைத்த ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். நம் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறது, ஊராக அல்ல, துணியாக. பல நிறத்தில் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி என்று போட்டிருக்கிறது. நாற்பத்தைந்து வருடமாக இந்த வீட்டில் இருக்கும் புத்தகம். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லை அதில் தேடிக் கொடுத்தேன், என் ஊரைத் தேடவில்லை. என் மகன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடல் கடந்து ஆடுகிற இடத்து வாசலில் நின்றிருக்கிறான். நானோ அவனை என் வாசலில் நிறுத்திவிட்டேன்.

நான் அன்று எழுதியது தவறு. அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் அடுப்பில் போடு. என் பெயரை எங்கே வேண்டுமானாலும் சொல், மரியம் பீவி என்று எழுத்துப் பிழை இல்லாமல் எழுதச் சொல். குளிரில் காதை மூடிக்கொள், தொழுகையை விடாதே, உன் ஆயுளும் உன் கண்ணும் கையும் நீடித்திருக்க அல்லாஹ் அருள் புரியட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கோட்டின் இடது பையில் கட்டம் ஒரு கோடு விலகியிருக்கிறது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. நீயாகப் பிரிக்காதே, துணி பழசு, தாங்காது. ஹெலனிடம் கேட்டு வாங்கி, மஸூதா நிக்காஹுக்கு வரும்போது போட்டுக்கொண்டே வா. வாப்பா கைலிக்கு எடுத்த நூலில் மிச்சம் என் ஊசிப் பெட்டியில் அப்படியே இருக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும் உம்மா,
மரியம் பீவி