ஹயாத் அழுத படம்

ஸ்ஃபாக்ஸ், ஞாயிறு

அன்பு மகன் நஸீமுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், மாண்ட்ரியல் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். வியாழக்கிழமை கலாசார மாளிகையில் படம் பார்க்கப் போனோம், நான், உன் தங்கை ஹனீன், எதிர்வீட்டு ஹயாத், மூன்றே பேர். வாப்பா முழங்கால் வலி என்று படுத்துவிட்டார். படம் ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பற்றியது, ஆண்பிள்ளைகளிடம் மனம் போகிறவன். வகுப்புப் பையன்கள் அதைத் தெரிந்துகொண்டு, "என்னடி, முக்காடு எங்கடி?" என்று சுவரோடு நெருக்குகிறார்கள், கழிவறையில் தள்ளி அடிக்கிறார்கள், கடைசியில் தலைமையாசிரியர் வருகிறார், பாட்டு வருகிறது, எல்லாம் சரியாகிவிடுகிறது. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஹயாத் நடுவிலேயே அழத் தொடங்கிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராதியாக்கா, இந்த நாய்ங்கள எந்தப் புண்ணியவதி பெத்தாளோ!" என்றாள். நான் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

நீ ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நீ இங்கே இருந்த நாளில், நான் மாடியில் துணி காயப்போடும்போது, கீழே ரொட்டிக்கடை முன்னால் ஹயாத் மகன் வஜ்தி உன்னைக் கூப்பிடுவது கேட்கும். "நஸீமா! இடுப்ப ஆட்டாம நடடி, ரொட்டி கீழ விழுந்துரும்!" கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அடி இல்லை, ரத்தம் இல்லை. அதே வஜ்தி கொஞ்ச நேரத்தில் என் சிலிண்டரை மாடிவரை தூக்கி வந்து, "வேற ஏதாச்சும் வேணுமா மாமி?" என்பான். அப்படி ஒருவனை அந்தப் படத்தில் காணவில்லை. அடித்த பையன்களில் ஒருவன் வீட்டையும் காட்டவில்லை, ஒருவனுக்கும் தாய் இல்லை. அதனால்தான் ஹயாத்தால் நிம்மதியாக அழ முடிந்தது.

பெருநாள் கழிந்து வஜ்திக்குக் கல்யாணம். மறுநாள் நம் ஊர் வழக்கப்படி கண்ணேறு கழிய மணமக்கள் தாண்டிக் குதிக்கும் மீனை நான்தான் தரையில் வைக்க வேண்டுமாம். படம் முடிந்து வரும் வழியெல்லாம் ஹயாத்துக்கு, "நஸீம் வராம கல்யாணமா அக்கா? ரெண்டும் ஒண்ணா வளந்த புள்ளைங்க, வரச் சொல்லு" என்றே பேச்சு. உன்னைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சாக்கிலாவது வரமாட்டாயா என்று தோன்றுகிறது, ஆனால் அந்த வாசலில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்த மனம் வரவில்லை. "உன் பிள்ளையும் அப்படித்தான், ஹயாத்" என்று சொல்லிவிட ஒரு நிமிடம் போதும், அதற்குப் பிறகு மதியத் தேநீருக்கு என் கதவைத் தட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

உன்னை இப்படிப் படைத்தவன் கணக்குத் தவறுகிறவன் அல்ல, அதை மட்டும் மறக்காதே. கம்பளிக் காலுறை போட்டுக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருப்பானாக.

ஹயாத்திடம் சொல்லட்டுமா, வேண்டாமா? நீ சொல்லாமல் நான் வாயைத் திறக்கமாட்டேன், மீனையும் தொடமாட்டேன். சீக்கிரம் பதில் எழுது.

உன் உம்மா,
ராதியா