இடுப்பில் கயிறு கட்டாத குடும்பம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீடு முழுக்க ஓட்டுமாவு வறுக்கும் வாசனை. என் அக்கா இஃப்ரா லாத்தாவுக்குத் துபாயில் பிரசவம். காயல்பட்டினத்துப் பெண் தாய்வீட்டில்தான் பிள்ளை பெறுவாள். இது எழுதாத சட்டம். லாத்தா பறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே தாய்வீடு பறக்கிறது. உம்மா, வாப்பா, மாசிக்கருவாடு, நான்.

நான் எதற்கு? எம்.ஏ. இலக்கியம். அறிவிப்புப் பலகைகளை வாசித்துச் சொல்ல.

ஆகஸ்ட் 15, வெள்ளி

உம்மாவுக்கு இது முதல் விமானம். வாப்பா பாதி ஆயுளைச் சவூதிக்கும் ஊருக்கும் நடுவே வானத்தில் கழித்தவர். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் கூடத்தில் நாற்காலி போட்டுப் பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டார்.

"பெல்ட்டை மொதல்ல பூட்டிரணும். பொறவு அதுக்கு மேல உட்காரணும். மடியில சால்வையை விரிச்சிட்டா அந்த ஏர்ஹோஸ்டஸ் பிள்ளை வந்து பாத்தாலும் தெரியாது."

"மேல உட்கார்ந்தா அது எப்படிப் பிடிக்கும்?" என்றாள் உம்மா.

"எதுக்குப் பிடிக்கணும்? நாம தோணிக்காரக் குடும்பம்."

பிறகு அந்தக் கதை. வாப்பாவின் பாட்டனார் கொழும்புக்குத் தோணி விட்டவர். ஒருமுறை நடுக்கடலில் தோணி கவிழ்ந்தது. பயந்துபோய்ப் பாய்மரத்தோடு தங்களைக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் தோணியோடு போனார்கள். கட்டிக்கொள்ளாத பாட்டனார் நீந்திக் கரை சேர்ந்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பம் இடுப்பில் எதையும் கட்டிக்கொள்வதில்லை. காரிலும். விமானத்திலும்.

விமானம் கவிழ்ந்தால் எந்தக் கரைக்கு நீந்துவது என்று கேட்டேன்.

"எம்.ஏ. படிச்ச வாயி" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

உம்மா என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்: "ஏளா ஆமிரா, அதை எந்தப் பக்கம் செருகணும்?"

ஆகஸ்ட் 20, புதன்

துபாய் மருத்துவமனை. காத்திருக்கும் கூடம். குளிரூட்டி தேவைக்கு மேல் உழைக்கிறது.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நேற்று. அரபிக்கடலுக்கு மேலே. மேகம்கூட இல்லை. பெல்ட் விளக்கு அணைந்திருந்தது. பணிப்பெண் வாப்பாவிடம் வந்து, விளக்கு அணைந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட் இருக்கட்டும் என்றாள். "போட்டிருக்கும்மா" என்றார். பொய்யென்று சொல்ல முடியாது. பூட்டிய பெல்ட் அவருக்கு அடியில்தான் இருந்தது.

பிறகு தரை இல்லாமல் போயிற்று.

பறந்த பொருட்கள்: தேநீர்க் குவளைகள், யாரோ ஒரு குழந்தையின் செருப்பு, என் வாப்பா.

சரியாகச் சொன்னால் அவர் பறக்கவில்லை. விமானம் கீழே போனது. வாப்பா இருந்த உயரத்திலேயே இருந்தார். கொள்கை மாறாதவர். கூரைதான் இறங்கிவந்து அவர் தலையில் இடித்தது. அடுத்த நொடி விமானம் மேலே வந்தது. கைப்பிடியில் தோள் மோதி, நடைபாதையில் விழுந்தார்.

உம்மா? வாப்பா சொன்னபடிதானே செய்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தானே செய்கிறாள். திரும்பிப் பார்க்கவே பயம். பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடி ஓதிக்கொண்டு. புர்காவுக்கு அடியில் பெல்ட், இதற்கு மேல் இறுக்க முடியாது என்கிற அளவுக்கு.

வாப்பா பேசவில்லை. வாப்பா, இங்கன பாருங்க வாப்பா, ஏதாவது சொல்லுங்களேன் — நான் கத்துறேன், ஒருத்தரும் எந்திரிக்க முடியல, எந்திரிக்காதீங்க எந்திரிக்காதீங்கன்னு மைக்குல சொல்லுதாங்க — என் பெல்ட்டைக் கழற்ற எனக்கே கை வரல —

கண் திறந்ததும் கேட்டார்: "ஏளா, உங்க உம்மா எங்க?"

"இங்கனதான் இருக்கேன்," என்றாள் உம்மா. "கட்டிக்கிட்டு."

ஆகஸ்ட் 21, வியாழன்

காறை எலும்பு முறிவு. கழுத்து முள்ளெலும்பில் விரிசல். அந்த விரிசல் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் கையும் காலும் ஓய்ந்திருக்கும் என்றார் டாக்டர். வாப்பா கூரையைக் குற்றம் சொல்கிறார். ரொம்பத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பையன். லாத்தா நலம். தாதியிடமிருந்து பிள்ளையை வாங்கியது உம்மாவின் கைதான். இரண்டு கையும் முழுசாக இருந்தன.

இதைக் கிண்டலாக எழுதப் பார்த்தேன். வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

"இனிமே பிளேன்ல ஏற மாட்டேன். கப்பல்ல போயிருவோம்" என்று வாப்பா அறிவித்தார்.

கப்பல் கிடையாது என்றேன். தோணி வேண்டுமானால் விசாரிக்கட்டுமா?

முறைக்க வேண்டும் என்று நினைத்தார். கழுத்துப் பட்டை விடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஊர் திரும்ப வேறு வழியில்லாமல் அதே வானம். விமானம் இன்னும் நகரவே இல்லை. வாப்பாவின் வலது கை எழும்பாது. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல், "பூட்டு" என்றார்.

உம்மா குனிந்து பூட்டினாள்.

"சால்வையை விரிக்கட்டுமா?"

"வேண்டாம்."

கொஞ்சம் கழித்து: "இன்னும் இறுக்கு."

அக்டோபர் 12, ஞாயிறு

நலம் விசாரிக்க ஊரே வருகிறது. மாலையில் பக்கத்து வீட்டு அண்ணன் ஃபைசல் காக்கா வந்தார். வாப்பா தோணிக் கதையை எடுத்தார். நூறு தடவை கேட்ட கதை என்று நான் எழுந்துபோகப் பார்த்தேன்.

"நடுக்கடல்ல கவுந்துருச்சு ஃபைசலு. பாய்மரத்துல கட்டிக்கிட்டவன் ரெண்டு பேருதான் பொழச்சான். மரம் மெதக்கும்லா."

உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப உங்க பாட்டனாரு?" என்றார் காக்கா. "அவரு கட்டிக்கிடாம நீந்தி வந்தாருன்னுல்லா முந்தி சொல்லுவீங்க?"

உம்மா தேநீர்த் தட்டோடு நிலைப்படியில் நின்றாள். வாப்பாவால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் வளையல் சத்தம் கேட்டிருக்கும்.

"அவரா? கட்ட மாட்டேன்னுதான் நின்னாரு," என்றார் வாப்பா. "கூட அவரு பொஞ்சாதி இருந்தாங்க. அவங்கதான் கட்டிவிட்டது."

உம்மா தட்டை வைத்தாள். வாப்பாவின் குவளையை மட்டும் இடது கைப் பக்கமாக நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் காலத்துத் தோணியில் பெண்களை ஏற்றியதே இல்லை. எனக்குத் தெரியும். உம்மாவுக்கும் தெரியும்.