நிரல் ஓலைகளை எந்த மனையில் வைப்பது என்று தேவி கேட்டதற்கு

நீலாற்றின் இரு கரையையும் தன் குடைநிழலில் காக்கும் மாதேவி கோமளவல்லி நாச்சியாரின் திருவடிகளுக்கு, கோட்டை நிரல்மனைத் தலைவி குவளைநங்கை வணங்கி எழுதும் ஓலை. தேவியும் குடிகளும் குறையின்றி வாழ்க.

சென்ற அறுவடை நாளில் என் கணவர் அறவாழி கோட்டை வாயிலில் வந்து நின்றார்.

"பதினோரு வருஷமா உன்னை வாசல்லயே பார்த்துட்டுப் போறேன். காவல்காரரே என்னை உறவா ஏத்துக்கிட்டார், நீதான் இன்னும் ஏத்துக்கல" என்றார்.

"சாவி என் இடுப்புல இருக்கே, நான் என்ன செய்வேன்?" என்றேன்.

மறைநிரல்களின் சாவியை உடையவர் எவரோடும் ஒரே கூரையின் கீழ் வாழலாகாது என்பது நம் நாட்டு முறையன்றோ.

தேவி கேட்டருளிய பொருளுக்கு வருகிறேன். நம் பொறிகளை இயக்கும் நிரல் ஓலைகள் இரு வகை. நீரிறைக்கும் பொறியின் நிரலை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம். கோட்டைக் கதவின் நிரலோ மறைநிரல், மூவர் மட்டுமே காணத்தக்கது. இரண்டையும் ஒரே மனையில் வைத்திருந்ததால், சென்ற திங்களில் கதவு நிரல் நீர்ப்பொறிக் கட்டோடு சேர்ந்து பொது மண்டபத்துக்குப் போய்விட்டது. ஐந்து ஊரார் படியெடுத்தனர். ஒருவர் அதில் பிழை திருத்தியும் அனுப்பியிருந்தார். திருத்தம் சரியாகவே இருந்தது. கதவுப் பொறி முழுவதையும் மாற்றி முடித்தோம். உடல் ஓய்ந்துவிட்டது, தேவி.

பொது நிரல்களைத் தனியே வைக்க வெளியில் இரு மனைகள் உள்ளன. துறைமுக வணிகர் நடத்தும் மனை பெரியது. ஆனால் நம் பூட்டின் சாவி அவர்களிடம் இருக்கும். புன்னைத்துறை மனையிலோ, யார் திருத்தம் அனுப்பினாலும் இருவர் பார்த்த பின்பே சேர்க்கிறார்கள். பழைய ஓலையையும் எறிவதில்லை. ஆகவே பொது நிரல்கள் புன்னைத்துறைக்குச் செல்க. மறைநிரல்கள் கோட்டையிலேயே தங்குக.

இதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். புன்னைத்துறை மனையின் தலைவர் என் கணவர். கணவருக்காகப் பேசுகிறாள் என்பார்களே என்று அஞ்சி வாய்மூடி இருந்தேன். கதவு நிரல் வெளியே போனதற்கு அந்த அச்சமே காரணம். ஐயம் உண்டாயின் வேறு இருவரைக் கொண்டு ஆராய்ந்தருள்க.

இலச்சினைக்கு அரக்கு உருகிவிட்டது. அது இறுகுமுன் இதையும் எழுதிவிடுகிறேன்: சாவியை வேறொருவரிடம் கொடுத்து, பொது நிரல்களோடு என்னையும் புன்னைத்துறைக்கு அனுப்புங்கள், தேவி. நான் என் கணவரோடு ஒரு வீட்டில் வாழ வேண்டும்.