மனைவியின் தொழில்: இல்லை

அப்பா,

இன்றைக்கும் உங்கள் பெயருக்கு முப்பது பக்கங்கள் வந்திருக்கின்றன. நீங்கள் இல்லை என்பதை இந்தப் பக்கங்களை அனுப்பும் கொம்பனிக்கு நான்தான் அறிவிக்கவேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஹோம்புஷ் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிவிட்டு, லிட்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்துவந்து, சவர்க்காரத்தில் ஊறிய விரல்களோடு லப்டொப்பைத் திறந்தால், நூறு வருடத்துக்கு மேல் பழைய ஆங்கிலக் கையெழுத்து. இங்கிலாந்தில் சமர்செட் என்றொரு கவுண்டி. அந்தக் காலத்துக் குடிசனக் கணக்கெடுப்புத் தாள்கள்: எந்த வீட்டில் யார் இருந்தார்கள், ஆண் என்ன வேலை செய்தான், பெண் என்ன வேலை செய்தாள்.

கோழித் தொழிற்சாலையில் உங்கள் வலது கை மெசினில் அகப்பட்ட பிறகுதான் இந்த வேலை வந்தது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த உங்களுக்கு எந்தக் கிறுக்கலும் விளங்கும். நீங்கள் வாசிப்பீர்கள், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் தட்டுவேன். வண்டிக்காரன், கல்லுடைக்கிறவன், மாடு பார்க்கிறவன். மனைவிக்கு நேரே பெரும்பாலும் வெற்றிடம்.

"பதினொரு பிள்ளையள். மனுசிக்கு வேலை ஒண்டும் இல்லையாம்," என்றீர்கள் ஒரு நாள்.

"பாவம், அவவுக்குப் பொழுதே போயிருக்காது," என்றார் அடுப்புப் பக்கமிருந்து அம்மா.

"நாங்கள் ஏதும் ஒண்டு போட்டுவிடுவமே அப்பா?" என்று கேட்டேன்.

"இல்லாததை எழுதப்படாது பிள்ளை. கடதாசியில கிடக்கிறதுதான்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அம்மா யாருக்காக அதைச் சொன்னார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் அகதி விசா விண்ணப்பத்தை நிரப்பியவர் நீங்கள். 'மனைவியின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினீர்கள். கச்சேரியில் வீட்டிலிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. ஆனால் நாங்கள் நாட்டை விட்டு வள்ளம் ஏறியதே அம்மாவின் தொழிலால்தான். அவர் வீட்டிலிருந்து தையல் மெசினில் தைத்தவர். யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு கட்டுச் சட்டைகளைத் தைத்ததற்காக, 'ஆருக்குத் தைச்சனீ, இயக்கத்துக்கோ' என்று கேட்டு ஆமி ஆட்கள் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா இதை இங்கே நேர்காணலில் சொன்னபோது, கணவர் தொழில் இல்லை என்று எழுதியிருக்கிறாரே, எப்படி நம்புவது என்று மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்போதும் நீங்கள் அந்தக் கடதாசியைத்தான் காப்பாற்றப் பார்த்தீர்கள். "இஞ்சேரும், பொழுதுபோக்குக்குத் தைச்சனான் எண்டு சொல்லும். எழுதினதோட ஒத்துப்போகும்."

"பொழுதுபோக்கோ? உங்கட சம்பளம் மறிபட்டு நிண்ட மாதமெல்லாம் ஆற்ற தையலில சாப்பிட்டனீங்கள்?"

நீங்கள் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசவில்லை. இடையில் இருந்த எனக்குத்தான் களைப்பு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கணவன், கல்லுடைக்கிறவன் என்று வாசித்தீர்கள். மனைவி, கையுறை தைக்கிறவள், வீட்டில். அதற்கு மேல் வாசிக்கவில்லை. நான் விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கணக்கெடுக்க வந்தவன் கேட்டு எழுதியிருக்கிறான்," என்றீர்கள். "என்ர வீட்டுக்குள்ளயே மெசின் ஓடினது. நான் கேக்கேல்ல."

பிறகு, "விசாரணையில நானே சொல்லுறன், பிழை என்ர எண்டு."

"அம்மாட்டச் சொல்லுங்கோவன்."

"பிறகு சொல்லுறன்."

அந்தக் கிழமையே உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

போன மாதம் மேல்முறையீட்டு விசாரணை நடந்தது. போகும்போது ரயிலில் அம்மா, "மெசின் ஞாபகம் எண்டு சொல்லன் பிள்ளை. ஆர் கண்டது?" என்றார். நாட்டை விட்டு வரும்போது எனக்கு நாலு வயது. அந்த மெசின் எனக்கு ஞாபகமே இல்லை. கடையில் வாடிக்கையாளர் ஏதும் கேட்டாலே உள்ளே ஓடிவிடுகிற என்னைச் சாட்சியாக உட்கார வைத்தார்கள். சத்தமாகச் சொல்லும்படி மூன்று தரம் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, அப்பா பிழையாக எழுதிவிட்டார், மேசையில் இருந்து என்னிடம் சொன்னார் என்று, அன்று நீங்கள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். செத்துப்போன உங்களை எல்லோருக்கும் முன்னால் காட்டிக்கொடுப்பது போல் இருந்தது.

அம்மாவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். நான் சொன்னதை அவர் மெதுவாகத் தமிழில் திருப்பினார்: "என்னுடைய வீட்டுக்குள்ளேயே இயந்திரம் ஓடியது. நான் கேட்கவில்லை."

ஆறு மாதம் நான் வாய் திறக்காமல் வைத்திருந்தது, அறிமுகமில்லாத ஒருவர் வழியாக அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் அம்மா, "எப்ப சொன்னவர்?" என்றார்.

"நான் கோயிலுக்கு வராத அண்டைக்கு."

"எனக்குச் சொல்லேல்ல. நீயும் சொல்லேல்ல." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "விசர் மனுசன்."

முடிவு இன்னும் வரவில்லை. கடிதப்பெட்டியைத் திறக்கும் வேலை என்னுடையது. நாங்கள் இங்கே இருப்போமா, இல்லையா என்று தெரியாமலே காலையில் கடைக்குப் போகிறேன், வருகிறேன். சாப்பாடு போடும்போது சில நாட்களில் அம்மா என்னைப் பார்க்காமலே கேட்கிறார், "அண்டைக்கு வேற என்ன சொன்னவர்?"

வேறொன்றும் நீங்கள் சொல்லவில்லை, அப்பா. அந்த ஒரு வசனத்தையே திரும்பவும் சொல்கிறேன். அம்மா முதல் தரம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.