இல்லாதவள்

ஜூலை 3, புதன்

கடைக்கு நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர், தங்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, மனைவியின் தொல்லை தாங்காமல் வந்தோம் என்றார்கள். நாலாவது ஆளின் காதில் நான் கேட்ட எதுவும் விழவில்லை. அவரும் அதையேதான் சொன்னார். காது கேட்கும் கருவி விற்கிறவனுக்கு வாடிக்கையாளர்களைவிட மறுப்பாளர்கள்தான் அதிகம்.

மாலையில் மகளுடன் சூப்பர் மார்க்கெட். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவின் முன் போய் நின்றாள். திறந்தது. பின்வாங்கினாள். மூடியது. மறுபடி முன்னே வந்தாள். பத்து வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்டேன்.

"சும்மாப்பா. எனக்குத் திறக்குதான்னு பார்த்தேன்."

ஜூலை 5

மகள் வீட்டில் சத்தமே இல்லாமல் நடக்கிறாள். திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தண்ணீர் வேண்டுமாம். கேட்க வேண்டியதுதானே?

"நீங்களே திரும்புவீங்கன்னு இருந்தேன்."

ஜூலை 8, திங்கள்

விஷயம் வெளியே வந்துவிட்டது. மனைவிக்கு வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கிற உத்தியோகம். சொல்ல வராதவர்களிடமிருந்தும் புகாரைக் கறந்துவிடுவாள்.

மகளின் வகுப்பில் ஒரு விளையாட்டு நடக்கிறது. இவள் இல்லை. அவ்வளவுதான் விளையாட்டு. இவள் பேசினால் யாருக்கும் கேட்காது. இவள் எழுந்தால் அந்த இடத்தில் பையை வைத்துவிடுவார்கள். இவள் ஏதாவது கேட்டால், "ஜன்னலைச் சாத்துங்கடி, காத்து கத்துது" என்பாளாம் ஒருத்தி. மற்றவர்கள் சிரிக்க வேண்டும். அந்த ஒருத்திக்கு நான் மகாராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். என்னால் முடிந்த பழிவாங்கல்.

"நீயும் அவங்களைக் கண்டுக்காதேம்மா" என்றேன், ஞானி மாதிரி.

மனைவி என்னைப் பார்த்தாள். "அவளுக்கு நடக்கிறதே அதுதாங்க. அதையே மருந்துன்னு எழுதிக் குடுக்கறீங்களா?"

ஜூலை 10

வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன்.

"யாராவது அடிச்சாங்களா சார்?"

"இல்லை."

"திட்டினாங்களா?"

"இல்லை."

"பின்ன என்னதான் பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை மேடம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்த வாரம் நட்பு வாரம் வருகிறதாம், எல்லாம் சரியாகிவிடுமாம்.

ஜூலை 16

நட்பு வாரப் படத்தைப் பள்ளி வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். வகுப்பு முழுவதும் கைகோத்து நிற்கிறது. ஓரிடத்தில் இரண்டு கைகள் மட்டும் கொஞ்சம் நீண்டு கோத்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு நெற்றி தெரிகிறது. அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டது நான்.

ஜூலை 18, வியாழன்

பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்தாள்.

"அப்பா, என் குரல் வெளிய வருதான்னு பாக்க முடியுமா?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

சோதனை அறைக்குள் கூட்டிப்போனேன். சத்தம் புகாத அறை. கதவை மூடினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். சத்தத்தை அளக்கிற, முள் வைத்த பழைய ஒலிமானியை அவள் கையில் கொடுத்துப் பேசச் சொன்னேன். "என்ன பேச?" என்றாள். முள் துள்ளியது. தன் பெயரைச் சொன்னாள். துள்ளியது. கத்திச் சொன்னாள். பிறகு கிசுகிசுத்தாள். அதற்கும் லேசாக அசைந்தது.

"வருது" என்றாள்.

"நல்லா வருதும்மா."

கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவங்களுக்குக் கேக்குது."

ஜூலை 19

எழுத ஒன்றுமில்லை. ஏன்டா அந்த ஒலிமானியை அவ கையில கொடுத்தே?

ஆகஸ்ட் 1

பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்! மகாராணி இவளிடம் ரப்பர் கேட்டாளாம். மனைவி கண்ணாலேயே எச்சரித்தாள்: கிளறாதீங்க. நான் கிளறவில்லை. படுக்கப் போகும்போது அவளே சொன்னாள்.

"இப்ப இல்லாதவ வேற ஒருத்திப்பா. கண்ணாடி போட்டவ."

எனக்குள் ஏதோ இறங்கியது. பாரம்தான். வேறென்ன.

ஆகஸ்ட் 2

"நான் அந்தக் கண்ணாடி போட்டவகூட பேசட்டுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றேன்.

எழுத்தில் பார்க்கும்போது இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளி வேன் நிற்கும் இடம். கண்ணாடிக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். வரிசையில் நின்ற யாரிடமும் கேட்காமல் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், வேன் போயிடுச்சா?"

வரிசையில் முதல் ஆளாக மகாராணி. என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதோ பத்தோ வயதுக் குழந்தை. நாலு கழுதை வயதான நான், பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை.

என் மகள் என்னைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

ச்சே. என்ன மனுஷன் நான்?

ஆகஸ்ட் 8

திரும்பினால் பின்னால் நிற்கிறாள். மறுபடியும்.

"என்னாச்சும்மா?"

"மறுபடி நான் இல்லப்பா."

"ஏன்?"

"அவகிட்ட பேசிட்டேன். கிளாஸ்ல. எல்லாரும் பாக்க."

"அவ என்ன சொன்னா?"

"கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. துடைச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம்."

எனக்கு முதலில் வந்தது பயம்தான். பெருமை பிறகுதான் வந்தது. வந்ததும் தனியாக வரவில்லை, வெட்கத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வேன் வருவதற்குள் கண்ணாடிக்காரிக்குக் காலை வணக்கம் சொன்னேன். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பயந்து தலையாட்டினாள்.

அவளும் என் மகளும் வேனின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த தலைகளெல்லாம் வேறு பக்கம் திரும்பியிருந்தன. ஜன்னல்கள் மூடியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. ஆனால் வேன் திருப்பத்தில் மறையும்வரை, இரண்டு வாய்களும் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன.