கடை திறந்துதான் இருக்கிறது

9 மார்ச் 2026, திங்கட்கிழமை

அன்பு மகள் பென்சிலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் தம்பிக்கும் உடம்புக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ பாதியிலேயே பதறி, "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டு, குளியலறையில் போய் நின்று அழுவாய். பெற்றவளுக்குத் தெரியாதா. தம்பி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

நம் ரிப்பேர்க் கடைக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போகிறது என்பதை நாங்கள் உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் "ஏதோ ஓடுது" என்றோம். ஓடவில்லை. அப்பா ஒன்பது மணிக்குப் போய்ச் சட்டரைத் தூக்குவார், நேற்று எண்ணெய் போட்ட தையல் மிஷினுக்கே இன்றைக்கும் எண்ணெய் போடுவார், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், "இப்பல்லாம் யாரு தைக்கிறா, எல்லாம் ரெடிமேடு" என்பார். போன மாதம் கட்டடக்காரர் வந்து, மார்ச் கடைசிக்குப் பிறகும் கடையை வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, "சாவியைக் கொடுத்துடுறேங்க" என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, அழுக்கே இல்லாத கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். நானும் கேட்கவில்லை. எனக்கும் அலுத்துப்போயிருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டைலர் அக்காவை உனக்கு நினைவிருக்கும், ஆறு மிஷின் போட்டு ஆட்களை வைத்துத் தைக்கிறவள், நம்மிடம்தான் எல்லாவற்றையும் ரிப்பேருக்குக் கொண்டுவருவாள். ஒன்றரை வருஷமாக ஆளையே காணோம். போன செவ்வாய்க்கிழமை மழைக்கு ஒதுங்க நம் வாசலில் ஏறினவள், உள்ளே அப்பாவைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "என்னண்ணே, கடையைத் தூக்கிட்டீங்கன்னு நெனச்சேன், உள்ள உக்காந்து என்ன பண்றீங்க?" என்றாள். "ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன். கடையைத் தூக்கிட்டேன்னு யாரு சொன்னா?" என்றார் அப்பா. "போன்தான் சொல்லுச்சு" என்றாள். நான் அப்போதுதான் சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்திருந்தேன். எங்கள் கண் முன்னாலேயே அவள் போனிடம் நம் கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அதுவும் நல்ல குரலில், கைவிரல் அறுவை சிகிச்சை காரணமாக உரிமையாளர் ஓய்வில் இருக்கிறார், கடை மூடப்பட்டுள்ளது என்று சொன்னது. அப்பா தன் வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் வெரல் வரைக்கும் இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கே" என்றார். அக்கா சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் தம்பி நம் வெப்சைட்டைத் திறந்து காட்டினான். இப்போதெல்லாம் யாரும் பத்துப் பக்கம் திறந்து தேடுவதில்லையாம். போனில் இருக்கும் ஏஐயைக் கேட்டால், அது எல்லாப் பக்கத்தையும் படித்து ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறதாம். அது நம்மைப் பற்றிப் படித்ததெல்லாம் நீ எழுதியதைத்தான். பன்னிரண்டு கட்டுரை. நானும் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் படித்தேன். நூலும் உறவும், ஊசிமுனையில் ஒரு வாழ்க்கை என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் கடை எந்தத் தெருவில், எந்தெந்த மிஷின் பார்ப்போம், சரிபண்ண எத்தனை நாள் ஆகும், ஒன்றிலும் இல்லை. அப்பாவுக்கு விரலில் ஆபரேஷன் ஆனபோது நீ அங்கிருந்து எழுதினாயே, அதில்தான் "கடை மூடியிருக்கிறது" என்று தெளிவாக இருக்கிறது. வருத்தப்படாதே, பன்னிரண்டு கட்டுரையிலும் பளிச்சென்று புரிகிற வரி அது ஒன்றுதான். அதற்குத் தேதி இல்லை, எதுவரைக்கும் என்றும் இல்லை. நாற்பது நாளில் கடையைத் திறந்துவிட்டோம், திறந்ததை யாருமே எழுதவில்லை. அந்த ஏஐக்கு நாம் இன்னும் மூடித்தான் இருக்கிறோம்.

உன்னை மட்டும் சொல்வேனா. நீ வெப்சைட்டைத் திறந்துவைத்த அன்றைக்கு மூன்று பேரும் முதல் பக்கத்தைப் பார்த்துக் கைதட்டினோம். அப்பா ஒரு வருஷம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "எம் பொண்ணு போட்டுக் குடுத்தது" என்று பெருமையடித்தார். ஒருநாள்கூட நாங்கள் யாரும் உள்ளே திறந்து ஒரு வரி படிக்கவில்லை. நம் வீட்டின் முதல் பட்டதாரி எழுதியது, அதில் நாம் என்ன பார்ப்பது என்ற நினைப்புதான். செவ்வாய்க்கிழமை, மூடியிருக்கிறது என்று நீ எழுதியதை முழுக்கப் படிக்கச் சொல்லி அப்பா கேட்டார், படித்தேன். மிஷின் சரியானதும் அப்பா சக்கரத்தை ஒருமுறை சும்மா சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார், அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பரீட்சைப் பயம் போகும் என்று எழுதியிருந்தாய். "இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே அவ" என்றார். எங்கே சொல்வாய் நீ, எதிரில் நின்றால் உனக்கு வாயே திறக்காது. ஊருக்கெல்லாம் தெரிகிற இடத்தில் எழுதிவைத்தாய், வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

புதன் முதல் சனி வரை நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். டைலர் அக்கா போய்ச் சொன்னதில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்களோ அதை அவர்கள் வாயால் கேட்டபடியே எழுதினேன், அப்பா சொன்ன பதிலையும் எழுதினேன். "அடியில நூல் கொசகொசன்னு சிக்குதுங்க, அடிநூல் பாபின் போச்சா?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள். "அடியில சிக்கினா மேல பாருங்க" என்கிறார் அப்பா. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்து, மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்தால் பாதிப் பேருக்குக் கடைக்கு வரும் வேலையே இல்லையாம். இதை எழுதினால் வருகிற ஆளும் வராதே என்றேன். "வீட்லயே சரியாச்சுன்னா, சரியாகாத அன்னிக்கு நம்மளத்தான் தேடி வருவாங்க" என்றார். தம்பி குறுக்கே வந்து, சிறந்த தையல் மிஷின் ரிப்பேர் என்று ஒரே பக்கத்தில் நாற்பது தடவை எழுதினால் முதலில் வருவோம் என்றான். "ஒரே எடத்துல நாப்பது தையல் போட்டா துணி கிழிஞ்சுடும்டா" என்று அப்பா அவன் வாயை அடைத்துவிட்டார்.

நோட்டுப் பக்கங்களையும் இதோடு அனுப்பச் சொல்கிறேன். ஒரு கேள்விக்கு ஒரு பக்கமாகப் போடு. தலைப்பில் அவர்கள் கேட்ட கேள்வியே இருக்கட்டும், பதில் முதல் வரியிலேயே வந்துவிடட்டும், உன் அழகான வரிகளை அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள். ஆத்திர அவசரத்தில் ஊசி உடைந்து நிற்கிறவளுக்கு முதலில் ஊசி வேண்டும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரு, கடை நேரம், எந்த மிஷின் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம் என்பது இருக்க வேண்டும். அப்பாவுக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை, அதனால் கம்ப்யூட்டர் வைத்த தையல் மிஷினை நாங்கள் பார்ப்பதில்லை என்பதை நீயே எழுதிவிடு.

கட்டடக்காரரிடம் சனிக்கிழமை நானே போய்ப் பேசினேன். வேறொருவருக்கு வாக்குக் கொடுக்கப் பார்க்கிறார். "மாசக் கடைசி வரைக்கும் பாருங்கம்மா, ஆள் வந்துச்சுன்னா இருங்க" என்று மட்டும் சொன்னார். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் அந்த ஏஐ தன் பேச்சை மாற்றிக்கொள்ளுமா என்று தம்பிக்கும் தெரியவில்லை. எனக்குப் பெரிய நம்பிக்கையெல்லாம் வைக்கத் தெம்பில்லை. ஆனால் எழுதாமல் விட்டோம் என்று இருக்கக்கூடாது.

மூடியிருக்கிறது என்று எழுதியதை நீ உடனே அழித்துவிடுவாய் என்று தெரியும். அழிக்காதே. அப்பா சொல்லச் சொன்னது இது: "அது அப்படியே இருக்கட்டும். தலையில மட்டும் தேதி போட்டு, தொறந்துட்டோம்னு ஒரு வரி எழுதச் சொல்லு." இன்று காலை சட்டரைத் தூக்கியதும் தம்பியின் போனை வாங்கி அவரே கேட்டுப் பார்த்தார். மூடப்பட்டுள்ளது என்றுதான் இன்னும் சொல்கிறது. "இருக்கேம்மா, உள்ளதான் இருக்கேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, மிஷின் சக்கரத்தைச் சும்மா ஒருமுறை சுற்றிக் காதைக் கொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அழாதே, அழுதாலும் சாப்பிட்டுவிட்டு அழு. எந்த ஊரில் இருந்தாலும் உன் கைக்கு வேலையும் மனசுக்கு நிம்மதியும் குறையாமல் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசாதே, அப்பாவிடம் பேசு, அந்தச் சக்கரச் சத்தத்தை வாய்விட்டுச் சொல். எதை எழுதினாலும் மேலே தேதி போட மறக்காதே, வருஷத்தோடு.

இப்படிக்கு,
உன் அம்மா